ராமநாதபுரம் கடற்கரையில் தனி ஆளாகத் தீவுப் படகு ஏற: முழுமையான வழிகாட்டி

முதலில் ரயில் டிக்கெட், அடுத்து லாட்ஜ் அறை, கடைசியாகப் படகு. தனியாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் ஏற்பாடு செய்கிறார்கள். காலையில் படகுத்துறைக்கு வந்து நின்றால், "இன்னைக்குப் படகு இல்லையே" என்பார்கள். காற்று ஏறியிருக்கும், இல்லையென்றால் ஆள் சேர்ந்திருக்காது. இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் காற்று, பிறகு படகு, அதற்கப்புறம் அறையும் ரயிலும்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் சரிசெய்துகொள்ள வேண்டும். ராமேஸ்வரத்தில் இரவு தங்கிப் போகும் சொகுசுக் கப்பல் கிடையாது. இலங்கைக்கும் இங்கிருந்து கப்பல் இல்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் போன கப்பல் 1964 புயலோடு நின்றுவிட்டது. இன்றைக்கு ஓடுவது நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல். இந்தக் கரையில் கிடைப்பது ஒரு வேளைப் பயணம், சின்னப் படகு, தலைக்கு மேல் வெயில், கீழே பவளப்பாறை. அதற்கேற்ற தயாரிப்பைத்தான் இங்கே சொல்கிறோம்.

1. மாதத்தைப் பார்த்துக் கடலைத் தேர்ந்தெடுங்கள்

இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். பாம்பன் பாலத்தில் நின்று பார்த்தால் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்பார்கள். பெண் கடல், ஆண் கடல் என்றும் சொல்வதுண்டு. ஒரே நாளில் ஒன்று குளம் மாதிரிக் கிடக்கும், மற்றது கரையில் மோதிக்கொண்டிருக்கும். நடுவில் மண்டபம் முனையும் ராமேஸ்வரம் தீவும் தடுப்பாகக் கிடப்பதால், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் கடல்தான் கிளம்பும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று. தென்கடல் கலங்கிக் கிடக்கும், தீவுப் படகு அடிக்கடி நிற்கும். அந்த மாதங்களில் வடகடல் பக்கம் போங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து வாடைக்காற்று தொடங்கும். அப்போது அடி வாங்குவது வடகடல். நவம்பர், டிசம்பரில் புயல் சின்னம் எப்போது உருவாகும் என்று சொல்ல முடியாது, அதனால் மாற்ற முடியாத டிக்கெட்டோடு வராதீர்கள்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் பாதி வரை இரண்டு கடலும் பெரும்பாலும் அடங்கியிருக்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். பொங்கல் விடுமுறையிலேயே கிளம்பிவிடுகிறவர்கள் ஏமாறுவது வாடை ஜனவரியிலும் மிச்சம் இருப்பதால்தான்.

ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பது விசைப்படகுகளின் மீன்பிடிப்புக்கு. அதைப் பார்த்துவிட்டு உங்கள் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

2. மூன்று படகுத்துறையில் ஒன்றை முடிவு செய்யுங்கள்

*குந்துகால்.* பாம்பனுக்குத் தெற்கே, விவேகானந்தர் நினைவு மண்டபம் இருக்கும் இடம். வனத்துறை ஏற்பாட்டில் குருசடைத் தீவுப் பக்கம் போகும் படகுகள் இங்கிருந்துதான். குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், சிங்கிலி நான்கும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. தீவு என்ற சொல்லுக்காக வருகிறவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும். தென்கடல் என்பதால் கச்சான் காலத்தில் நம்ப முடியாது.

*பிச்சைமூப்பன் வலசை.* ஏர்வாடியைத் தாண்டி சாயல்குடி போகும் வழியில் வரும் மீனவர் ஊர். அடியில் கண்ணாடி பதித்த படகில் கடற்புல், பவளம் பார்க்கலாம். நீச்சல் தெரியாதவர்களுக்கும் தண்ணீரில் இறங்கப் பயப்படுகிறவர்களுக்கும் சரி. இதுவும் தென்கடல்தான்.

*காரங்காடு.* ராமநாதபுரம்–தொண்டி சாலையில், வடகடல் ஓரம். அலையாத்திக் காட்டுக்கு நடுவே ஓடும் கால்வாய் வழியாகப் படகு கடலுக்கு வெளிவரும். துடுப்புப் படகும் உண்டு. காடு காற்றைத் தடுப்பதால் ஆட்டம் குறைவு. முதல்முறை தனியாகப் படகு ஏறுகிறவர்கள் இங்கே தொடங்குவது நல்லது. வத்தத்தில், அதாவது கடல் வடியும் நேரத்தில், கால்வாயில் தண்ணீர் குறைந்துவிடும், ஆகவே எந்த நேரத்தில் தண்ணீர் ஏறும் என்று முந்தின நாளே கேளுங்கள். ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரும் மீன், நண்டுச் சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒரு ஆளுக்காக அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள், மற்றவர்களோடு சேர்த்துத்தான் உலை வைப்பார்கள்.

3. எது அனுமதி, எது குற்றம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதித்த இடம், அனுமதித்த படகு தவிர வேறு வழியில் தீவில் கால் வைக்கக் கூடாது. மண்டபம், கீழக்கரை வனச்சரக அலுவலகங்களில் நிலவரம் கேட்டுக்கொள்ளலாம்.

தனி ஆள் மாட்டிக்கொள்வது இங்கேதான். படகுக்கு ஆள் சேரவில்லை என்று நிற்கும்போது யாராவது பக்கத்தில் வந்து, "நம்ம வள்ளத்துலயே போயிரலாம், ஆள் இல்லாத தீவு காட்டுறேன்" என்பார். போகாதீர்கள். மீன்பிடி வள்ளம் பயணிகளை ஏற்றுவதற்கானது அல்ல. உங்களுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்காது, நீங்கள் கடலில் இருப்பது எந்தப் பதிவிலும் இருக்காது. ரோந்துப் படகு நிறுத்தினால் அவருக்கும் வழக்கு, உங்களுக்கும் வழக்கு. இலங்கைக் கடல் எல்லை பக்கத்தில் என்பதால் இந்தக் கடலில் யாரும் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது, எல்லையும் பக்கம்.

4. தனி ஆள் கணக்கைப் போடுங்கள்

இந்தப் பயணத்தின் உண்மையான சிக்கல் கடல் இல்லை, ஆள் எண்ணிக்கை. குடும்பமாக வருகிறவர்கள் ஒரே வீச்சில் படகை நிரப்பிவிடுவார்கள். நீங்கள் ஒற்றை இடம். படகு நிறைந்தால்தான் டீசலுக்குக் கட்டுப்படியாகும் என்பது அவர்கள் நியாயம்.

சனி, ஞாயிறு காலையில் எளிதாக இடம் கிடைக்கும், எதிலாவது ஒரு இருக்கை மிஞ்சும். செவ்வாய், புதனில் வந்தால் காத்திருக்க வேண்டும், சில நாள் படகே எடுக்க மாட்டார்கள். கூட்டம் பிடிக்காது என்று வார நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் தனியாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. சனிக்கிழமை முதல் படகு இதற்கு நல்ல நடு வழி. சுற்றுலாப் பேருந்துகள் காலைச் சாப்பாடு முடித்துத் தாமதமாகத்தான் வரும்.

முந்தின நாள் போனில் மூன்று கேள்வி கேளுங்கள். நாளைக்குப் படகு உண்டா? ஏற்கெனவே யாராவது குழுவாகச் சொல்லியிருக்கிறார்களா? ஆள் சேராவிட்டால் எத்தனை மணி வரை பார்ப்பீர்கள்? "நான் ஒரு ஆள்தான் அண்ணே, எந்தக் கூட்டத்தோடயாவது சேத்து விடுங்க" என்று நேராகச் சொன்னால் பெரும்பாலும் வழி பிறக்கும். முழுப் படகுக்கும் பணம் கட்டுகிறேன் என்று தொடங்காதீர்கள். அப்புறம் உங்களை வேறு குழுவோடு சேர்க்க யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

பெண்கள் தனியாகப் போகும்போது ஆண்கள் மட்டுமே உள்ள குழுவைத் தவிர்த்து அடுத்த படகுக்குக் காத்திருக்கலாம். "குடும்பம் வர்ற படகுல போட்டு விடுங்க" என்று சொல்வதை இங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை.

5. இப்போது அறையும் வண்டியும்

காரங்காட்டுக்கும் பிச்சைமூப்பன் வலசைக்கும் ராமநாதபுரம் நகரில் தங்குவது வசதி. குந்துகாலுக்கு ராமேஸ்வரம் அல்லது மண்டபம். கோயில் ஊர் லாட்ஜ்களில் சில இடங்களில் ஒற்றை ஆளுக்கு அறை தரத் தயங்குவார்கள். வரவேற்பில் நின்று வாதாடிப் பயனில்லை. முன்பதிவு செய்யும்போதே "ஒரு ஆள், இரண்டு ராத்திரி" என்று சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள், அசல் ஆதாரைக் கொண்டுவாருங்கள்.

தேதியைத் தினசரிக் காலண்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரத்தில் அறையும் கிடைக்காது, ஆட்டோவும் கிடைக்காது.

இரண்டு ராத்திரி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு நாள் காற்றுக்குப் போனால் மறுநாள் மிச்சம் இருக்கும். சனிக்கிழமை படகு போய்விட்டால் ஞாயிறு கையில் இருக்க வேண்டும்.

ராமநாதபுரம்–ராமேஸ்வரம் பேருந்துகள் பாம்பனில் நிற்கும். அங்கிருந்து குந்துகாலுக்கு ஆட்டோ. திரும்பி வர ஆட்டோ அங்கே காத்துக் கிடக்காது, கொண்டுவந்து விட்டவரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். காரங்காட்டுக்குத் தொண்டி பேருந்தில் ஏறி, விலக்கில் இறக்கிவிடச் சொல்ல வேண்டும். நடத்துநரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள், விலக்கைத் தாண்டினபிறகு சொன்னால் அடுத்த நிறுத்தம்தான்.

6. பை: குறைவாக, ஆனால் சரியாக

தனி ஆளுக்குப் பையைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. கொண்டுபோவது எல்லாம் உங்களோடு படகில் ஏறி நனையும் என்று வைத்துக்கொண்டே அடுக்குங்கள்.

தண்ணீர் இரண்டு லிட்டர், எவர்சில்வர் பாட்டிலில். பூங்காப் பகுதிக்குள் பிளாஸ்டிக் பாட்டில், பாலித்தீன் பை வேண்டாம். பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு. ஹவாய் செருப்பு போட்டு வருகிறவர்கள் சேற்றில் ஒன்றை விட்டுவிட்டு, உடைந்த பவளத்தில் வெறுங்காலோடு நிற்கிறார்கள். முழுக்கைச் சட்டை, கயிறு கட்டிய தொப்பி. கயிறு இல்லாத தொப்பி முதல் பத்து நிமிடத்தில் கடலுக்குப் போகும். மாற்றுடை ஒரு செட். சில்லறை நோட்டாக ரொக்கம். கரையோரத்தில் சிக்னல் போனால் போன் வழியாகப் பணம் அனுப்ப முடியாது.

போனுக்குத் தண்ணீர் புகாத உறை வாங்கினால் அப்படியே நம்பிவிடாதீர்கள். முந்தின இரவு உறைக்குள் ஒரு டிஷ்யூ காகிதத்தை வைத்துப் பூட்டி, வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கிப் பிடியுங்கள். வெளியே எடுத்து, உறையைத் துடைத்த பிறகு திறங்கள். காகிதத்தின் ஓரம் லேசாக நிறம் மாறியிருந்தாலே அந்த உறை கடலுக்கு ஆகாது. பூட்டும் பட்டையில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் இப்படி ஆகும். பட்டையைத் துடைத்துவிட்டு மறுபடி ஒருமுறை பாருங்கள்.

சேலை, துப்பட்டா, நீளமான சால்வை வேண்டாம் என்பதற்கு ஆபத்துதான் காரணம். படகின் பின்பக்கம் எஞ்சின் திறந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கும். காற்றில் பறக்கிற துணியை அது இழுத்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். சுடிதார் போடுகிறவர்கள் துப்பட்டாவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

7. முந்தின இரவு

வானிலை ஆய்வு மையம் வெளியிடும் மீனவர் எச்சரிக்கையைப் பாருங்கள். "மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் சூறைக்காற்று" என்று வந்தால் நாளை படகு இல்லை, போன் போட்டுக் கேட்கவே வேண்டாம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி வந்தாலும் அப்படித்தான். கூண்டு எண் ஒன்று என்றால் புயல் தூரத்தில்தான் இருக்கும், வானம் பளிச்சென்று இருக்கும். வெயில் அடிக்கிறதே, ஏன் படகை எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று சண்டை போடுகிறவர்கள் இதை அறியாதவர்கள்.

எச்சரிக்கை எதுவும் இல்லாவிட்டாலும் காற்று மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் என்று காட்டினால், படகு ஓடினாலும் உங்களுக்கு அது இன்பப் பயணமாக இருக்காது.

போனில் வெளிநாட்டு ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைத் தானியங்கியிலிருந்து உங்கள் நிறுவனத்துக்கு மாற்றி வையுங்கள். தனுஷ்கோடிப் பக்கமும் கடலிலும் இலங்கைக் கோபுரத்தின் சிக்னல் வந்து ஒட்டிக்கொள்ளும், பில்லும் சேர்ந்து ஏறும்.

வாந்தி வரும் உடம்பு என்றால் மருந்துக் கடையில் அவோமின் மாதிரி மாத்திரை கிடைக்கும். வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்ட ஆரம்பித்தபிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். இந்த மாத்திரை தூக்கம் கொடுக்கும். கூட ஆள் இருந்தால் அவர் ஓட்டுவார், தனி ஆள் பைக்கை வாடகைக்கு எடுத்து வந்திருந்தால் திரும்பிப் போகும் வழியில் ஆபத்து. மாத்திரை போடுகிற நாளில் பேருந்து, ஆட்டோ மட்டும்.

கடைசியாக, ஊரில் ஒருவருக்கு இதை அனுப்புங்கள்: எந்தப் படகுத்துறை, எத்தனை மணிப் படகு, எத்தனை மணிக்குள் பேசுவீர்கள், பேசாவிட்டால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும். கடலோரப் போலீஸ் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554.

8. படகுத்துறையில்

ஏழரைக்கெல்லாம் அங்கே இருங்கள். இரண்டு காரணம். சேர்த்துவிடும் வரிசையில் உங்கள் பெயர் முதலில் வரும். மற்றொன்று, பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று கிளம்பிவிடும், தண்ணீர் மேல் சுருக்கம் விழுந்துவிட்டால் அடியில் இருப்பது தெரியாது.

வரும் வழியில் இரண்டு இட்லி சாப்பிடுங்கள். வெறும் வயிற்றிலும் குமட்டும், பூரி–கிழங்கு, பரோட்டா தின்றாலும் குமட்டும். படகுத்துறைகளில் கழிப்பறையை நம்ப வேண்டாம், அறையிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள்.

கரையில் நின்று கடலை ஒரு தடவை பாருங்கள். அலைத் தலைகளில் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரிந்தால் நனைவது உறுதி. கண்ணுக்கு எட்டிய தூரம் எல்லாம் வெள்ளையாக இருந்தால், டிக்கெட் எடுத்திருந்தாலும் ஏறாதீர்கள்.

பெயர், வயது, போன் எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் ஏற வேண்டும். அவசரத்தில், "அப்புறம் எழுதிக்கலாம் சார்" என்றால் நின்று எழுதுங்கள். குடும்பத்தில் ஒருவர் குறைந்தால் மற்றவர் தேடுவார்கள். உங்களைத் தேட அந்தப் பதிவேடு ஒன்றுதான்.

லைஃப் ஜாக்கெட்டை நீங்களே எடுத்துப் பாருங்கள், கைக்கு வந்ததை மாட்டிக்கொள்ளாதீர்கள். உள்பக்கம் எடைக் கணக்கு அச்சிட்டிருக்கும். கீழ்ப் பட்டையை முதலில் பூட்டி இறுக்குங்கள், பிறகு மேலே போங்கள். மேலே தொடங்கினால் அடியில் தளர்ந்தே நிற்கும். இரண்டு கட்டை விரலையும் தோள் பட்டைக்குள் விட்டு மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது தண்ணீரில் உங்களைத் தூக்காது, ஜாக்கெட் மட்டும் மிதக்கும். பூட்டு உடைந்ததைக் கயிறு போட்டுக் கட்டித் தந்தால் வேறு கேளுங்கள்.

9. படகில்

முன்பக்கம் அணியத்தில் உட்கார்ந்தால் படம் நன்றாக வரும், இடுப்பும் நன்றாகப் போகும். அலை ஏறி இறங்கும்போது அதிகம் தூக்கிப் போடுவது அங்கேதான். பின்னால் எஞ்சின் புகை. நடுவுக்குச் சற்றுப் பின்னே இடம் பிடியுங்கள்.

தனியாகப் போகிறவர்கள் படம் எடுக்க எழுந்து நிற்பது சகஜம், எடுத்துத்தர ஆள் இல்லையே. நிற்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுங்கள், இல்லையென்றால் படகோட்டியிடம் "அண்ணே, நிறுத்துறப்ப ஒண்ணு எடுத்துத் தாங்க" என்று முன்பே சொல்லி வையுங்கள். எஞ்சின் அணைந்து படகு அசையாமல் நிற்கும்போது அவரே எடுத்துத் தருவார்.

குமட்டல் தொடங்கினால் போனையும் கண்ணாடி அடியையும் பார்ப்பதை நிறுத்தி, கரையையோ தூரத்துத் தீவையோ பாருங்கள். வாந்தி வந்துவிட்டால் காற்று போகும் பக்கம் குனியுங்கள், எதிர்ப்பக்கம் குனிந்தால் படகே நாறும்.

10. தண்ணீரிலும் திட்டிலும்

இறங்கச் சொன்ன இடத்தில் மட்டும் இறங்குங்கள். காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடங்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிவிடும், மேலே மிதித்தால்தான் வாலால் அடிக்கும். பவளத்தின் மேல் நிற்காதீர்கள். கல் மாதிரித் தெரிவது உயிருள்ளது, உங்கள் காலையும் கிழிக்கும்.

சொறி (ஜெல்லி மீன்) பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். கடல் நீராலேயே அலசி, ஒட்டியிருக்கும் நூலை அட்டையாலோ குச்சியாலோ தூக்கி எடுங்கள். மூச்சு முட்டினால், முகம் வீங்கினால் உடனே கரைக்குத் திரும்பி 108.

எதையும் பொறுக்காதீர்கள். செத்த பவளத் துண்டும், கடல் அட்டையும், கடல் குதிரையும், சில சங்கு வகைகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எந்தச் சங்கு ஆகும், எது ஆகாது என்று கரையில் நின்று பிரித்தறிய உங்களால் முடியாது.

11. கரை ஏறிய பிறகு

பதிவேட்டில் திரும்பியதைக் குறித்துவிட்டு, ஊரில் சொல்லிவைத்தவருக்குப் பேசுங்கள். உப்புத் தண்ணீர் பட்ட கண்ணாடி, போன் உறை, செருப்பை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசுங்கள். மறுநாள் பார்த்தால் உறையின் பட்டையில் உப்பு படிந்து பூட்டு பிடிக்காது.

படகு ஓடாமல் போய்விட்டால் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போகலாம், ஆனால் கரையோடு சரி. இரண்டு கடலும் சேரும் அந்த முனையில் நீரோட்டம் இழுக்கும், குளிக்கத் தடை. படகு கிடைக்காத ஆதங்கத்தில் அங்கே இறங்குகிறவர்களைக் காவலர்கள் விசில் ஊதித் திருப்பிக்கொண்டே இருக்கிறார்கள். மாலைக்குள் அறைக்குத் திரும்பி, ஏழாம் எண் தலைப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.